புலி வராத முகாம்

(கோடை முகாம்களில் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்துபவர், அவர்கள் வைத்த பெயரால் 'எறும்பக்கா', வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: கோடை முகாமில் 'இயற்கைக் கல்வியாளர்' என்கிறார்களே, அப்படி என்ன வேலை அது?
— வேலை தேடும் பட்டதாரி, விருதுநகர்

ப: காலை ஆறு மணிக்கு இருபது பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிவிடுவது. ஏழு மணிக்கு அந்தத் தொப்பிகளைத் தேடுவது. எட்டு மணிக்கு, "அக்கா, என் தொப்பிக்குள்ள ஒரு பூச்சி!" என்று குரல் வந்ததும், அன்றைக்குத் தயாரித்து வைத்த பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பூச்சியைப் பாடமாக்குவது. ஒன்பது மணிக்குக் கத்திரி வெயில் உச்சந்தலையைத் தொடுமுன் எல்லோரையும் நிழலுக்கு ஓட்டிவந்து, தண்ணீர் குடிக்க வைத்து, தலைகளை எண்ணுவது. எண்ணிக்கை சரியாக இருந்தால் அன்று நல்ல நாள். மிச்சத்தைக் காகமும் வேப்பமரமும் பார்த்துக்கொள்ளும்.

கே: முகாமுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். என் மகனுக்குப் புலி காட்டுவீர்களா?
— கறாரான தந்தை, சேலம்

ப: புலியிடம் நாங்கள் முன்பதிவு செய்யவில்லை. தவிர, இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டும் ஒரு புலி பக்கத்தில் வருகிறதென்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். அதை நாம் பார்க்காமலிருப்பதே நல்லது.

ஆனால் வேட்டை காட்டாமல் அனுப்பமாட்டேன். கூரைத் தாழ்வாரத்தின் அடியிலோ மரத்தடியிலோ மழை படாத பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் வடிவக் குழிகள் இருக்கும். தோண்டியவர் பெயர் குழியானை, சில ஊர்களில் குழிநரி. அந்தப் பக்கம் போகும் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரியும். எறும்பு மேலே ஏறப் பார்க்கும். அடியில் புதைந்து கிடப்பவர் தலையாலேயே மண்ணை வாரி அதன்மேல் எறிவார். எறும்பு மறுபடி சரியும். ஒரு ஜோடிக் கொடுக்கு மண்ணுக்குள்ளிருந்து நீளும், அவ்வளவுதான். சாற்றை உறிஞ்சி முடித்ததும் வெற்று ஓட்டைக் குழிக்கு வெளியே வீசிவிடுவார். பதுங்கல், பொறி, பாய்ச்சல் எல்லாம் கண்ணெதிரே, ஜீப் வாடகை இல்லாமல். இதைக் குப்புறப் படுத்துப் பார்க்கிற பிள்ளைகள் புலியைப் பற்றிப் பிறகு கேட்பதில்லை. அப்பாக்கள்தான் கேட்கிறார்கள்.

கே: அக்கா, குழியானை கக்கா போகுமா?
— இரண்டாம் வகுப்பு, திண்டுக்கல்

ப: முகாமிலேயே மிகச் சிறந்த கேள்வி. போகாது கண்ணு! குழிக்குள் இருக்கும் பருவம் முழுக்க அதன் வயிற்றுக்குப் பின்வாசல் மூடியே இருக்கும். எல்லாவற்றையும் உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். கூட்டுப்புழுவாகி, பிறகு தட்டான் மாதிரி சிறகு முளைத்து வெளியே வந்த பின்தான் மொத்தமாக இறக்கி வைக்கும். அதுவரை மாதக்கணக்கில் அடக்கம். இதைக் காரணம் காட்டி நீ காலையில் பாத்ரூம் போக மறுக்கக்கூடாது. உனக்கு ஏற்கெனவே வாசல் திறந்துதான் இருக்கிறது.

கே: பள்ளியிலேயே சுற்றுச்சூழல் பாடம் இருக்கிறது. பிறகு முகாம் எதற்கு?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

ப: பாடம் இருக்கிறது ஐயா. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே எல்லா மட்டத்திலும் சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன்பின் நடந்தது தங்களுக்குத் தெரியும்: 'மரங்களின் பயன்கள் ஐந்தினை எழுதுக, ஐந்து மதிப்பெண்.' ஐந்தையும் பிழையில்லாமல் எழுதும் பிள்ளை, பள்ளி வாசலில் தான் தினமும் சைக்கிள் சாய்த்து வைக்கும் மரம் புங்கையா பூவரசா என்று கேட்டால் முழிக்கிறது. நீதிமன்றம் பாடத்துக்கு உத்தரவு போடலாம். அந்த மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார உத்தரவு போட முடியாது. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நாங்கள்.

கே: என் மகள் ஒரு பறவையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாளாம். முகாமில் ஒரு அக்கா பெயரைச் சொல்லாமல், "அது என்ன பண்ணுதுன்னு பாரு" என்றாராம். தெரியாமல் சமாளிக்கிறாரா?
— சந்தேகப் பிராணி, ஈரோடு

ப: அந்த அக்கா நான்தான். பறவை தவிட்டுக்குருவி. பெயரைச் சொன்னால் பிள்ளை "ஓகே" என்று சொல்லிவிட்டு அடுத்த பறவைக்கு ஓடிவிடும். சொல்லாமல் விட்டதால் உங்கள் மகள் என்னென்ன கண்டுபிடித்தாள் தெரியுமா? அது தனியாக வருவதில்லை, ஒரு கும்பலாகத்தான் வருகிறது. சருகைப் புரட்டித் தின்கிறது. ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகின்றன. ஒன்று பறந்தால் ஒவ்வொன்றாகப் பின்னாலேயே பறக்கின்றன. "எங்க சித்தி வீட்டு ஆளுங்க மாதிரி" என்று அவளே சொன்னாள். பெயரை மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். இனி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். சித்திக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

கே: தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால் என்ன செய்வீர்கள்?
— பயிற்சி ஆசிரியை, நாகர்கோவில்

ப: "தெரியாது" என்பேன். அடுத்த சொல், "நோட்டில் எழுது." அதற்கடுத்தது, "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" இந்த மூன்றும் சரளமாக வந்தால் நீங்கள் இந்த வேலைக்குத் தயார். எல்லாம் தெரிந்தவர் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நடப்பார்கள். தெரியாது என்பவரோடு சேர்ந்து தேடுவார்கள். இதில் கவனம் ஒன்று: பாம்பு, விஷக்காய் விஷயங்களில் 'சேர்ந்து தேடுவது' கிடையாது. அங்கே தெரிந்தே இருக்க வேண்டும்.

கே: முகாமில் பாம்பு வந்தால்? கேட்கவே பயமாக இருக்கிறது.
— தாய், கோயம்புத்தூர்

ப: கேட்டது நல்லது. கேட்காத பெற்றோரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். நம் ஊரில் அதிக உயிர்களை எடுப்பவை நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்குக்கும் எதிரான விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பெருமளவில் எடுத்துத் தருவதே நம் இருளர் பழங்குடியினர்தான். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்வேன். பாம்பு என்றதும் தடியை எடுக்கும் ஊரில், பாம்பைக் கொல்லாமல் மனிதரைக் காப்பாற்றும் அறிவும் இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகாம் விதிகள்: இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடி வைக்கக்கூடாது. செருப்போ ஷூவோ உதறாமல் போடக்கூடாது. கல், கட்டை இடுக்கில் கை விடக்கூடாது. இரவில் தரையில் தூங்கக்கூடாது; கட்டிலும் நன்றாகச் செருகிய கொசுவலையும் கட்டாயம். தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம் என்பதால் இந்தக் கடைசி விதியில் கெஞ்சலுக்கு இடமில்லை.

கடித்துவிட்டால்: கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பாம்பைத் துரத்துவது எதுவும் கூடாது. வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குச் செய்வது போல் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து நேரே மருத்துவமனை. எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதை முகாம் தொடங்குமுன் விசாரித்து வைத்திருக்கிறோமா என்று நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டும்.

கே: சாரையும் நாகமும் பின்னிப் பிணைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேரன் முகாமுக்குப் போய்வந்து "அதெல்லாம் பொய் தாத்தா" என்கிறான். யார் சொல்வது சரி?
— தாத்தா, திருமங்கலம்

ப: நீங்கள் பார்த்தது நிஜம். பேரன் சொல்வதும் நிஜம். நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள். இனப்பெருக்கக் காலத்தில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, தலையை உயர்த்தித் தள்ளிப் பார்க்கும். கடி கிடையாது, தோற்றவர் இடத்தைக் காலி செய்துவிடுவார். நீங்கள் இவ்வளவு காலம் காதல் காட்சி என்று நினைத்தது மல்யுத்தம். பேரனிடம், "அப்பவே எனக்குச் சந்தேகம்டா" என்று சொல்லி மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கே: அணில் முதுகில் இராமர் தடவிய கோடு என்று சொல்லித் தரலாமா?
— பாட்டி, கும்பகோணம்

ப: தாராளமாக. கதை அழகானது. நம் தென்னாட்டு அணிலுக்கு மூன்று கோடு, மூன்று விரலுக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் வடநாட்டில் இதே இனத்தின் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு ஐந்து கோடு. பேத்தி அயோத்திப் பக்கம் சுற்றுலா போய் எண்ணிவிட்டு வந்து கேள்வி கேட்டால் என்னிடம் அனுப்பக்கூடாது. அது உங்கள் பாடத்திட்டம்.

கே: மரவட்டைக்கு ஆயிரம் கால் உண்டா?
— மூன்றாம் வகுப்பு, காரைக்குடி

ப: நம் தோட்டத்து மரவட்டைக்கு இல்லை. சில நூறு இருக்கலாம், நீயே எண்ணு. ஒரு குறிப்பு: முன்பக்கத்து நாலைந்து வளையங்களை விட்டுவிட்டால், ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு ஜோடிக் கால். அதனால் வளையத்தை எண்ணிப் பெருக்கினால் போதும். நிஜமாகவே ஆயிரத்தைத் தாண்டிய ஒன்று ஆஸ்திரேலியாவில், கனிமம் தேடித் தோண்டிய துளைக்குள் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. 2021இல்தான் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்கு 1,306 கால். கண் கிடையாது. அவ்வளவு காலும் இருட்டில் எங்கே போகிறது என்று அதற்கே தெரியுமா என்பது உன் அடுத்த கேள்வி என்றால், நோட்டில் எழுது.

கே: என் மகன் ஓணானைக் கண்டால் கல்லெடுக்கிறான். இவனை முகாமுக்கு அனுப்பினால் மற்ற பிள்ளைகளையும் கெடுத்துவிடுவானோ?
— கவலையுள்ள தாய், புதுக்கோட்டை

ப: முதல் ஆளாக அனுப்புங்கள். ஓணானைக் குறிபார்த்து அடிப்பவன் ஓணானை முதலில் பார்க்கத் தெரிந்தவன். பாதி வேலை முடிந்தது.

பம்பாயில் ஒரு பையன் இருந்தான். கையில் ஏர்கன், வேலை சிட்டுக்குருவி சுடுவது. ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் பையனைத் திட்டவில்லை, பாவம் புண்ணியம் பேசவில்லை. அலமாரி அலமாரியாகத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். அந்தப் பையன் சாலிம் அலி. பிறகு இந்தியப் பறவைகளைப் பற்றிப் பேசுகிற யாரும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடியாதபடி ஆனது. தன் வாழ்க்கைக் கதைக்கே அந்தக் குருவி விழுந்ததைத்தான் தலைப்பாக வைத்தார்.

உங்கள் மகனிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: "அந்த ஓணானுக்குக் கழுத்து ஏன்டா சிவக்குது?" ரத்தம் உறிஞ்சுகிறது என்பான். ஆண் ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணைக் கவரவும் எதிரியை விரட்டவும் போடுகிற சாயம் அது என்றால் நம்பமாட்டான். நம்ப வேண்டாம், சும்மா உட்கார்ந்து பார் என்பேன். தலையாட்டுவதையும் தண்டால் எடுப்பதையும் அரைமணி நேரம் பார்த்தவன் கையில் கல் தானாக நழுவும். நழுவாவிட்டால் நான் பிடுங்கிக்கொள்வேன். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கே: என் மகள் கண்ணாடி போட்டவள். தொலைவில் இருக்கும் பறவை அவளுக்குத் தெரியாது. முகாமில் ஒதுங்கிப் போவாளா?
— தந்தை, வேலூர்

ப: கண்ணாடி போட்டால் தெரியுமே சார்! தெரியாவிட்டாலும் குடி முழுகாது. அமெரிக்காவில் எட்வர்டு வில்சன் என்ற சிறுவனுக்கு மீன் பிடிக்கும்போது முள் குத்தி ஒரு கண் பார்வை போனது. வளர வளர மெல்லிய ஒலிகளும் சரியாகக் கேட்காமல் போயின. பறவையும் தவளையும் அவனுக்கு ஒத்துவரவில்லை. கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்தான்: எறும்பு. உலகத்து எறும்பறிஞர்களில் தலையாயவர் ஆனார். எனக்கும் எறும்பக்கா என்று பெயர், ஆனால் அது தற்செயல்.

கே: இதனால் படிப்புக்கு என்ன லாபம்?
— நீட் தேர்வுக்கு இப்போதே தயாராகும் ஆறாம் வகுப்பு மாணவனின் தந்தை, நாமக்கல்

ப: படிக்கக் கண் வேண்டுமே, அதற்கு லாபம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வகுப்புக்கு வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல நடந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் 39.5 சதவீதம், வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. தைவானில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொல்லி அரசே திட்டம் போட்டது. அந்த நேரத்தில் அவர்கள் எறும்பு பார்த்தார்களா, சும்மா நின்றார்களா என்பது கண்ணுக்கு முக்கியமில்லை. எறும்பு பார்த்தால் மூளைக்கும் கொஞ்சம் போகும். உங்கள் மகன் விலங்கியலில் அதை எழுதுவான்.

கே: என் பையன் செல்போன் இல்லாமல் மூன்று நாள் இருப்பானா?
— தாய், மதுரை

ப: அவன் முதல் நாள் மதியமே மறந்துவிடுவான். மூன்று நாளும் "சாப்டானா, தூங்குனானா, போட்டோ அனுப்புங்க" என்று எங்களுக்கு அடிக்கிற போனை நீங்கள் விடுவீர்களா என்பதுதான் கேள்வி.

கே: இரவில் வீட்டு ஞாபகம் வந்து அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பது? நானும் இந்த ஆண்டு முகாம் வேலைக்குப் போகிறேன்.
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: "அழாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள். வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, அதன்மேல் ஒரு பிரகாசமான விளக்கைப் போடுங்கள். அழுகிற பிள்ளையை 'வேட்டிக் காவலர்' ஆக்குங்கள். அரைமணி நேரத்தில் விட்டில்கள், வண்டுகள், தத்துப்பூச்சிகள், இவற்றைத் தின்ன ஒரு பல்லி, எல்லாம் ஆஜர். எது எது வந்தது என்று படம் வரைந்து, காலையில் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க வேண்டியது காவலரின் கடமை. பதவி வந்ததும் அழுகை போய்விடும். இது பெரியவர்களிடமும் பார்த்ததுதானே. முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சிகளுக்கும் வேறு சோலி உண்டு.

கே: எங்கள் வீட்டுப் பச்சைக்கிளி அழகாகப் பேசும். முகாமுக்குக் கொண்டுவந்து காட்டலாமா?
— கிளிப் பிரியர், திருச்சி

ப: கொண்டுவந்தால் வனத்துறைக்கும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே கதை. அது நன்றாகப் பேசும் என்கிறீர்கள். "என்னை விடு" என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. திடீரென்று திறந்துவிட்டாலும் பிழைக்காது. வனத்துறையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

கே: பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் பறிக்கிறார்கள், வாயில் போடுகிறார்கள். எதற்கெல்லாம் 'கூடாது' சொல்வது?
— முகாம் உதவியாளர், ஏற்காடு

ப: எல்லாவற்றுக்கும் 'கூடாது' சொன்னால் ஒன்றுக்கும் மதிப்பிருக்காது. கண், காது, மூக்கு, விரல் நுனி நான்குக்கும் அனுமதி. நாக்குக்கு மட்டும் அக்கா கையெழுத்து வேண்டும். முதல் நாளே நான்கு செடிகளை அடையாளம் காட்டிவிடுங்கள். அரளி, ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள். குன்றிமணிதான் ஆபத்தான அழகி: சிவப்பும் கறுப்புமாக மின்னும், பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வார்கள், கடித்து உடைத்தால் கொடும் விஷம். செங்காந்தள் நம் மாநில மலர், கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. அதே நஞ்சிலிருந்துதான் மூட்டுவாத மருந்தும் எடுக்கிறார்கள். மரியாதைக்குரியவர்களைத் தூரத்தில் நின்று வணங்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்கிறார்கள்.

கே: பருவநிலை மாற்றம், காடழிப்பு பற்றியெல்லாம் ஆறு வயதிலேயே சொல்லிவிட வேண்டாமா?
— சமூக அக்கறையாளர், புதுச்சேரி

ப: ஆறு வயதுப் பிள்ளையிடம் பனிக்கரடி சாகிறது என்று சொன்னால் அது என்ன செய்யும்? ஏசியை அணைக்கும் ரிமோட்கூட அதன் கையில் இல்லை. டேவிட் சோபெல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1996இல் இதை எழுதினார்: நான்காம் வகுப்புக்கு முன் பிள்ளைகள் தலையில் உலகத்தின் துயரங்களை ஏற்றக்கூடாது, பயந்த பிள்ளை இயற்கையை விட்டு விலகிப்போகும். முதலில் பழக்கம் வரட்டும், பழகியபின் பாசம், பாசம் வந்தபின் கவலை. வரிசையை மாற்றினால் பிள்ளைக்குக் கவலை மட்டும் மிஞ்சும். பத்து வயதுக்கு மேல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அப்போது அவர்கள் உங்களைக் கேட்கும் கேள்விக்கும் தயாராக இருங்கள்.

கே: நாங்கள் சென்னை அடுக்குமாடியில் ஏழாவது மாடி. முகாமுக்கு அனுப்ப வசதியில்லை. என்ன செய்ய?
— தாய், வேளச்சேரி

ப: பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும். எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி தேடிவந்து தளிரில் முட்டையிடும். முதலில் வரும் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். எந்தக் குருவியும் தன் எச்சத்தைத் தின்னாது என்ற நம்பிக்கையில் போட்ட வேடம். வளர்ந்ததும் பச்சைச் சட்டை மாற்றும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். உங்கள் பிள்ளை அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருக்கும், புழுவுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு கூட்டுப்புழு, பிறகு சிறகு. சாம்பாருக்கு இலை குறையும். அதுதான் கட்டணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிண்டிப் பக்கம் போங்கள். நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா, உள்ளே புள்ளிமானும் வெளிமானும். இந்த வசதி இந்தியாவில் வெகுசில மாநகரங்களுக்கே உண்டு. நம்மில் பாதிப் பேர் அதைச் சிக்னலில் நின்று ஹார்ன் அடிக்கும் இடமாக மட்டுமே அறிவோம்.

கே: மே மாதம் விடியுமுன் குயில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது. நிறுத்த வழியுண்டா?
— தூக்கமிழந்தவர், மாம்பலம்

ப: அதற்குக் கல்யாணம் ஆனால் நின்றுவிடும். கூவுவது ஆண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு கிளைக்குள் மறைந்திருக்கும்; முட்டையைக் காகத்தின் கூட்டில் வைத்துவிட்டு வளர்ப்புச் செலவையும் காகத்தின் கணக்கில் எழுதிவிடும். எப்படியும் எழுந்துவிட்டீர்கள், பிள்ளையையும் எழுப்பி ஜன்னலில் நிறுத்துங்கள். காகம் குயிலைத் துரத்தும் காட்சி தினசரி உண்டு.

கே: சம்பளம் எவ்வளவு? இதை நம்பிப் பிழைக்கலாமா?
— அதே பட்டதாரி, விருதுநகர்

ப: ஏப்ரல், மே மாதங்களில் பிரியாணி. ஜூனில் தயிர்சாதம். ஆகஸ்டில் தயிர் மட்டும் கேள்விக்குறி. முகாமை மட்டும் நம்பினால் கஷ்டம். பள்ளிகளின் இயற்கை மன்றங்கள், குடியிருப்புகளில் பறவை நடை, ஜனவரி முதல் சென்னைக் கடற்கரையில் ஆமை நடை, வனத்துறையின் விளக்க மையங்கள், சுற்றுலாத் தலங்களில் வழிகாட்டி வேலை என்று பலதையும் சேர்த்துக் கட்டினால் ஆண்டு ஓடும். படிப்பாகவே எடுக்க விரும்பினால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியல் இருக்கிறது. பட்டத்தோடு முதலுதவிப் பயிற்சியும் வேண்டும், மூன்று கதை தெரிந்திருக்க வேண்டும், ஒரே கேள்வியை நாற்பதாவது முறை கேட்கும்போதும் முதல்முறை கேட்ட முகம் வேண்டும். தமிழில் படிக்க, மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் தொடங்குங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டைப் பற்றித் தமிழில் எழுதினால் நெற்றி சுருங்காமல் படிக்க முடியும் என்று காட்டியவர்.

கே: முகாமைத் தேர்ந்தெடுக்கும்முன் என்ன கேட்க வேண்டும்?
— எச்சரிக்கையான தாய், ஓசூர்

ப: 'என்னென்ன விலங்கு காட்டுவீர்கள்' என்பதை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? பெண் பிள்ளைகளின் அறையில் இரவு யார்? எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக்கூடாது என்ற விதி உண்டா? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும், பிள்ளைகளுக்கான 1098 உதவி எண்ணும் ஊழியர்களுக்குத் தெரியுமா? நீர்நிலைக்குப் போனால் நீச்சல் தெரிந்தவர் யார்? முதலுதவிப் பெட்டி எங்கே, வண்டி எங்கே? பதில் சொல்பவர் முகம் சுளித்தால் அடுத்த முகாமைப் பாருங்கள். நல்ல முகாம்காரர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார்.

கே: உலகத்தில் முதல் கோடை முகாமை நடத்திய புண்ணியவான் யார்?
— பொது அறிவுப் பிரியர், கரூர்

ப: அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ஃபிரடெரிக் கன், 1861இல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் இரண்டு வாரம் தங்கியதைத்தான் அங்கே முதலாவதாகச் சொல்கிறார்கள். போனது நடந்து, ஏறக்குறைய 40 மைல். ஏசி பேருந்தா, ஏசி இல்லாப் பேருந்தா என்று அன்று யாரும் போன் செய்து கேட்கவில்லை.

கே: முகாம் போய்வந்த நாளிலிருந்து என் மகள் வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க விடமாட்டேன் என்கிறாள். நீங்கள்தான் காரணம். இப்போது நான் என்ன செய்ய?
— அடுக்களையில் முற்றுகையிடப்பட்ட தாய், தூத்துக்குடி

ப: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தண்டனையை உங்கள் மகளோடு பங்கிட்டுக்கொள்கிறேன். அவளிடம் சொல்லுங்கள்: "சரிடி, அடிக்கமாட்டேன். ஆனா அது எதைத் தின்னுது, எந்த ஓட்டையில இருந்து வருதுன்னு நீதான் கண்டுபிடிக்கணும்." ராத்திரி டார்ச்சோடு உட்காரட்டும். சிங்க்கில் கிடக்கும் சோற்றுப் பருக்கை, மூடாத குப்பைக்கூடை, குழாய்க்கடியில் கசியும் ஈரம், மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள். அவற்றைச் சரிசெய்யும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள். கரப்பான் தானாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால், அவர் பிள்ளையை அடுத்த கோடைக்கு எங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள்.